மாரடைப்புக்குப் பிந்தைய மருந்து: தாராவிக்கு யார் சோதித்துச் சொல்வது?

புது தில்லி: மருந்து என்றவுடன் நாடாளுமன்றத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே வகைதான். விலை ஏன் உயர்ந்தது என்பது ஒன்று. போலி மருந்து சந்தைக்கு எப்படி வந்தது என்பது மற்றொன்று. ஒரு மருந்து நம் மக்களின் உடலுக்கு உண்மையிலேயே பயன்படுகிறதா, அதை யார் சோதித்துச் சொல்ல வேண்டும் என்ற மூன்றாவது கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. கோல்சிசின் என்ற சிறு மாத்திரையை முன்வைத்து அந்தக் கேள்வியை இப்போது எழுப்பியாக வேண்டும்.

கோல்சிசின் புதிய மருந்து அல்ல. 'கவுட்' எனப்படும் மூட்டுவீக்க நோய்க்கு நெடுங்காலமாகத் தரப்படுவது. காப்புரிமை எதுவும் மிச்சமில்லாத பழைய மருந்து என்பதால் நம் நாட்டு மருந்துக் கடைகளில் ஒரு மாத்திரை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அழற்சியைத் தணிக்கும் இம்மருந்தை, மாரடைப்பு வந்தவர்களுக்கு நாள்தோறும் அரை மில்லிகிராம் கொடுத்தால் அடுத்த மாரடைப்பைத் தடுக்க முடியுமா என்று உலகின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் தமிழர்களுக்கு ஒரு தனித்தொடர்பு உண்டு. கோல்சிசின் கிடைக்கும் தாவரங்களுள் ஒன்று செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்ப் பட்டியலில் முதலிடம் பெறுவதும் காந்தளே. விவசாயிகள் இதனைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர், ஜெயங்கொண்டம், வேதாரண்யம் வட்டாரங்களில் விதைக்காகவே இது பயிரிடப்படுகிறது. அந்த விதையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கோல்சிசின் ஏற்றுமதியாகிறது. விதைக்கு அரசே விலை நிர்ணயிக்க வேண்டும் என்பது அவ்விவசாயிகளின் நீண்டநாள் கோரிக்கை. ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: அச்செடியின் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. அளந்து தயாரித்த மாத்திரை வேறு, செடி வேறு.

ஆக, மூலப்பொருள் தமிழ் மண்ணில் விளைகிறது. அது தேவைப்படக்கூடிய நோயாளிகள் நம் நகரங்களில் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் அந்த மருந்தைப் பற்றிய முடிவுகளோ மான்ட்ரியல், ஹாமில்டன் போன்ற அயல்நாட்டு நகரங்களின் ஆய்வுக்கூடங்களிலிருந்தே வருகின்றன.

கொழுப்பு மட்டுமா காரணம்?

மாரடைப்பு என்றால் இரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்துக்கொள்வது என்பதே பொதுவான புரிதல். அது பாதி உண்மை. தமனியின் உட்சுவரில் படியும் கொழுப்பை அந்நியப் பொருளாகக் கருதி, உடலின் வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதுபோல, தமனிச் சுவரிலும் அழற்சி ஏற்படுகிறது. நாளடைவில் கொழுப்புத் திட்டின் மேல்மூடி நலிவடைந்து கிழிகிறது. அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. மாரடைப்புக்குப் பின் இந்த அழற்சி மேலும் தூண்டப்படுவதால், மற்ற தமனிகளில் உள்ள திட்டுகளும் ஆபத்துக்குள்ளாகின்றன. ஸ்டென்ட் பொருத்தி ஒரு குழாயைத் திறந்துவிட்டாலும் நோய் தீர்ந்துவிடுவதில்லை.

அழற்சியை அடக்கினால் மாரடைப்பு குறையும் என்பதற்கு முதல் வலுவான சான்று 2017-இல் கிடைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் கனாகினுமாப் என்ற ஊசி மருந்து சோதிக்கப்பட்டது. கொழுப்பின் அளவைக் குறைக்காமலேயே, 150 மில்லிகிராம் அளவில் அம்மருந்து மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவற்றை ஏறத்தாழ 15 சதவீதம் குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. விலையோ எளியவர் நினைத்துப் பார்க்க முடியாதது. இதய நோய்க்கு அதனைப் பயன்படுத்த 2018-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தரவில்லை. அதே ஆண்டு, மெத்தோட்ரெக்சேட் என்ற மற்றொரு மலிவான மருந்தை 4,786 பேரிடம் சோதித்தபோது பலன் எதுவும் தென்படவில்லை. அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் அனைத்தும் இதயத்தைக் காக்கும் என்று கொள்ள முடியாது என்பதை அது உணர்த்தியது.

பிறகுதான் கோல்சிசினின் முறை வந்தது. 2019-இல் மான்ட்ரியல் இதய நிறுவனம், மாரடைப்பு வந்து 30 நாள்களுக்குள் இருந்த 4,745 பேரிடம் செய்த சோதனையின் முடிவை வெளியிட்டது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 7.1 சதவீதம் பேருக்கு மீண்டும் கடுமையான இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்பு ஏற்பட்டது. கோல்சிசின் பெற்றவர்களில் அது 5.5 சதவீதம். 2020-இல் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நாள்பட்ட இதயத் தமனி நோயாளிகள் 5,522 பேரிடம் நடந்த சோதனையில் 9.6 சதவீதம் 6.8 ஆகக் குறைந்தது. 2023 ஜூனில் அமெரிக்க மருந்து நிர்வாகம், இதய நோய்க்கென அரை மில்லிகிராம் கோல்சிசினுக்கு அனுமதி வழங்கியது.

ஆனால் 2024 இறுதியில் வெளியான சோதனை எல்லாவற்றையும் மீண்டும் கேள்விக்குள்ளாக்கியது. கனடாவின் ஹாமில்டன் நகர ஆய்வாளர்கள் 14 நாடுகளில், மாரடைப்பு வந்த 7,062 பேரிடம் நடத்திய சோதனை அது. கோல்சிசின் பெற்றவர்களில் 9.1 சதவீதம், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 9.3 சதவீதம். அதாவது வேறுபாடே இல்லை. வயிற்றுப்போக்கு மட்டும் மருந்து பெற்றவர்களிடம் அதிகம்.

இரண்டு பெரிய சோதனைகள் ஆம் என்கின்றன. அவற்றையும்விடப் பெரிய சோதனை இல்லை என்கிறது. மாரடைப்பு நோயாளிகளுக்கு இம்மருந்தைப் பரிசீலிக்கலாம் என்ற தயக்கமான அளவிலேயே அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2025-ஆம் ஆண்டு நெறிமுறை நிற்கிறது. இந்த நிலையில் நம் நாட்டில் ஒரு மருத்துவர் இதனை எழுதித் தந்தாலும் ஊகம்தான். எழுதாமல் விட்டாலும் ஊகம்தான்.

தாராவியின் உடல் வேறு கணக்கு

அயல்நாட்டில் மேலும் ஒரு சோதனை நடக்கட்டும், முடிவு வரும்வரை காத்திருப்போம் என்று இருந்துவிட முடியாது. அதற்கான காரணத்தை மும்பையில் காணலாம்.

திருநெல்வேலியிலிருந்தும் பிற தென்மாவட்டங்களிலிருந்தும் தலைமுறைகளுக்கு முன் பிழைக்க வந்து, தோல் பதனிடும் கூடங்களிலும் சிறு பட்டறைகளிலும் உழைத்த குடும்பங்கள் தாராவியில் வேரூன்றியுள்ளன. அலுவலக வேலைகளை நாடி வந்த தமிழர்கள் மாதுங்காவில் குடியேறினர். செம்பூரில் இருசாராரையும் காணலாம். சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் சூழ்ந்த அப்பகுதியின் காற்றைப் பற்றி நீதிமன்றங்களும் பசுமைத் தீர்ப்பாயமும் பேசாத நாளில்லை. மாசடைந்த காற்றின் நுண்துகள்களும் தமனி அழற்சியைத் தூண்டுபவை என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை.

இம்மக்களுக்கு கோல்சிசினைக் கொடுப்பதற்கு முன் விடை காண வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயால் மும்பை உலகச் செய்தியானது 2012-இல். நெரிசலான குடியிருப்புகளில் பலரின் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது. அழற்சி என்பது நோய் மட்டுமல்ல, உடலின் காவலும் அதுவே. அக்காவலை ஆண்டுக்கணக்கில் தளர்த்தினால் உறங்கும் கிருமி விழிக்குமா? கோல்சிசின் அப்படிச் செய்யும் என்பதற்கு இந்தப் பெரிய சோதனைகள் எதுவும் சான்று தரவில்லை. ஆனால் அவை அந்தக் கேள்விக்கு விடை காண வடிவமைக்கப்பட்டவையும் அல்ல. மான்ட்ரியல் சோதனையில் நிமோனியா 0.4 சதவீதத்திலிருந்து 0.9 சதவீதமாகக் கூடியிருந்ததை மறந்துவிடலாகாது.

இரண்டாவது, சிறுநீரகம். கோல்சிசினின் பயனளிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் உடலில் அது தேங்கிவிடும். கடுமையான சிறுநீரகப் பாதிப்புள்ளவர்களைப் பெரிய சோதனைகள் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டன. நீரிழிவு பெருகி, சிறுநீரகம் கெட்டிருப்பதே பலருக்குத் தெரியாத நம் ஊர்களில் அப்படி விலக்குவது எளிதல்ல.

மூன்றாவது, கூட்டு மருந்துகள். கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளோடு சேரும்போது கோல்சிசின் ஆபத்தான அளவுக்கு உடலில் உயர்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமலே காய்ச்சலுக்குக் கிருமிக்கொல்லி வாங்கி விழுங்கும் பழக்கம் நீங்காத நகரில் இது ஏட்டளவு எச்சரிக்கையாக முடியாது.

இம்மூன்றுக்கும் தாராவியையும் அதையொத்த பகுதிகளையும் சேர்ந்த நோயாளிகளிடம் கவனமாக நடத்தப்படும் சோதனையே பதில் தர முடியும்.

முதலில் ஆஸ்பிரின் கொடுங்கள்

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பயன் உறுதியான பழைய மருந்துகளே ஏழைகளுக்குக் கிடைக்காதபோது, பயன் ஐயத்துக்குரிய மருந்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பது அது. நியாயமான கேள்விதான்.

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் இந்தியாவின் 50 நகரங்களில் 20,468 நோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவு, படிப்பவர் மனத்தைச் சுடுவது. மாரடைப்பு அறிகுறிகளுடன் மருத்துவமனையில் சேர்ந்த ஏழைகளில் 30 நாள்களுக்குள் இறந்தவர்கள் 8.2 சதவீதம். வசதி படைத்தவர்களில் 5.5 சதவீதம். ஏழைகளுக்கு உரிய மருந்துகள் குறைவாகவே தரப்பட்டன. 2011-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, இந்தியா உள்ளிட்ட குறைந்த வருவாய் நாடுகளில் இதய நோயும் பக்கவாதமும் வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஆஸ்பிரின், ஸ்டேட்டின் போன்ற மருந்துகளில் ஒன்றைக்கூட உட்கொள்ளவில்லை என்று கண்டது.

ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்ததைப் பாராட்டினோம். அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவமனைச் செலவை ஏற்கின்றன. ஆனால் வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரைக்குமான மருந்துக்கே ஆயுஷ்மான் பாரத் பொறுப்பேற்கிறது. பதினாறாம் நாள் முதல் வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டிய மாத்திரைகள் நோயாளியின் பையிலிருந்தே வர வேண்டும். திருநெல்வேலியில் உள்ள அண்ணனுக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியே இரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. தாராவியில் உள்ள தம்பிக்கு அப்படி எவரும் கொண்டுவந்து தருவதில்லை.

எனவே முதலில் ஆஸ்பிரினும் ஸ்டேட்டினும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அது சோதனைக்கு எதிரான வாதமாகிவிடாது. நேர்மையான சோதனையில் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும் உறுதியான பழைய மருந்துகள் அனைத்தையும் இலவசமாகத் தந்த பின்னரே புதியது சேர்க்கப்பட வேண்டும். அவ்வாறு நடந்தால், வெற்று மாத்திரை பெறுபவருக்கும் இன்று கிடைப்பதைவிட மேலான சிகிச்சை கிடைத்திருக்கும். அதே வேளையில் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. இலவச மருந்துக்காகவே ஓர் ஏழை கையெழுத்திடுவாரானால், அது முழுமையான சம்மதம் ஆகுமா?

நாடாளுமன்றம் முன்பே கண்ட பாடம்

இந்த அச்சம் கற்பனையில் பிறந்ததல்ல. 2009-10-இல் ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது ஏழு சிறுமியர் இறந்தனர். அவை தடுப்பூசியால் நேர்ந்தவை அல்ல என்று அரசு கூறியது. ஆயினும் சம்மதம் பெற்ற முறையை 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அதற்கு முன் 2012 மே மாதத்தில் அதே நிலைக்குழு வெளியிட்ட 59-ஆவது அறிக்கை, 2008 முதல் 2010 வரையிலான காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட புதிய மருந்துகள் இந்திய நோயாளிகளிடம் சோதிக்கப்படாமலே அனுமதி பெற்றதை அம்பலப்படுத்தியது.

2005 முதல் 2012 வரை நடந்த மருந்துச் சோதனைகளின்போது 2,644 பேர் இறந்தனர் என்றும், அவற்றுள் 80 மரணங்களே சோதனையால் நேர்ந்தவை என்றும் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இந்தூரைச் சேர்ந்த சுவாஸ்த்ய அதிகார் மஞ்ச் தொடுத்த அந்த வழக்கில் 2013-இல் நீதிமன்றம் கடிவாளமிட்டது. அதன் பிறகே இழப்பீட்டு விதிகள் வந்தன. அவை 2019 மார்ச் மாதத்தில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளாகத் திரண்டன.

ஆக, நம் வரலாற்றில் இரண்டு தவறுகளும் பதிவாகியுள்ளன. சோதிக்காமல் மருந்தை அனுமதித்தது ஒன்று. ஏழைகளைக் கேளாமல் சோதித்தது மற்றொன்று. ஒன்றைக் காட்டி மற்றதை நியாயப்படுத்துவதே இதுவரை நடந்த விவாதம். இரண்டையும் ஒருசேரத் தவிர்ப்பதே அரசின் கடமை.

2019 விதிகளிலும் ஓர் இடைவெளி உண்டு. முற்றிலும் புதிய வேதிப்பொருளை நலிந்த பிரிவினரிடம் சோதிக்கும்போது, சம்மதம் பெறுவதைக் காணொளியாகப் பதிவு செய்வது கட்டாயம். கோல்சிசின் பழைய மருந்து என்பதால் அக்கட்டாயம் இதற்குப் பொருந்தாது. மேலும், சந்தையில் உள்ள மருந்தைப் புதிய நோய்க்குக் கல்வி நோக்கில் சோதிக்க மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி தேவையில்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் போதும். இச்சலுகை ஆய்வுக்கு வழிதிறக்கிறது என்பது உண்மை. நோயாளியின் பாதுகாப்பு முழுவதையும் ஒரு குழுவின் விழிப்பில் விட்டுவிடுகிறது என்பதும் உண்மை.

செலவை யார் ஏற்பது?

காப்புரிமை இல்லாத மருந்தை, ஆயிரக்கணக்கானோரிடம் ஆண்டுக்கணக்கில் சோதிக்கத் தனியார் நிறுவனம் ஏன் பணம் செலவிட வேண்டும்? முடிவு சாதகமானால் பயன்பெறப் போவது எல்லா நிறுவனங்களும்தான். அப்படிச் செலவிட முன்வந்தால் என்ன நேரும் என்பதையும் அமெரிக்கா காட்டியிருக்கிறது. அங்கே 2009-இல் ஒரு நிறுவனம் கோல்சிசினுக்கு முறையான அனுமதியும் தனியுரிமையும் பெற்றது. பத்து சென்ட்டுக்கும் குறைவாக விற்ற மாத்திரை ஏறத்தாழ ஐந்து டாலராக எகிறியது. மூட்டுவீக்க நோயாளிகள் பல்லாண்டுகள் விழுங்கிவந்த அதே மருந்துதான் அது.

மலிவு மருந்தைச் சோதிக்கும் பொறுப்பு ஆகவே அரசையே சேரும். அது இயலாத காரியமும் அல்ல. 2021-இல் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கழகம், கொரோனா நோயாளிகளிடம் இதே கோல்சிசினைச் சோதிக்க ஐதராபாத் நிறுவனம் ஒன்றுடன் கைகோத்து அனுமதி பெற்றது. பெருந்தொற்றுக்காகச் செய்ய முடிந்ததை, ஆண்டுதோறும் உயிர்பறிக்கும் மாரடைப்புக்காகச் செய்ய முடியாதா?

இதைவிடச் சிறந்த முன்மாதிரி சென்னையிலேயே உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனத்துடனும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் இணைந்து ஓர் ஆய்வை நடத்தின. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 காசநோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறுபிரிவினருக்குச் சானடோரியத்திலும் சிகிச்சை தரப்பட்டது. வீட்டுச் சிகிச்சையும் அதே பலனைத் தரும் என 1959-இல் வெளியான முடிவு, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தையே மாற்றியமைத்தது. சானடோரியம் கட்ட வசதியில்லாத நாடு தன் கேள்வியைத் தானே கேட்டது. உலகுக்கே பயன்பட்ட விடையைக் கண்டது.

அவை கேட்க வேண்டியவை

மும்பையில் அத்தகைய சோதனைக்கான அடித்தளம் ஆயத்தமாக இருக்கிறது. தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையும், பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையும் மாநகராட்சிக்குச் சொந்தமானவை. மாரடைப்பு நோயாளிகள் நாள்தோறும் வந்து சேரும் இடங்கள். சென்னை, மதுரை அரசு மருத்துவமனைகளையும் சேர்த்துக்கொண்டால், ஒரே ஆய்வில் இரு மாநிலத்து மக்களின் நிலையும் தெரியவரும்.

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் உள்ள தமிழக, மகாராஷ்டிர உறுப்பினர்கள் சுகாதார அமைச்சரிடம் கேட்க வேண்டியவை இவை. காப்புரிமையற்ற மருந்துகளைச் சோதிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தனி நிதி ஒதுக்கப்படுமா? காசநோயும் சிறுநீரக நோயும் மிகுந்த மக்களிடையே கோல்சிசின் பாதுகாப்பானதா என்று அறிய அரசு ஆய்வு நடத்துமா? சம்மதப் படிவம் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் மட்டுமன்றி, தாராவித் தமிழர் படித்தறியத் தமிழிலும் தரப்பட்டு, விளக்கிய விதம் காணொளியாகப் பதிவு செய்யப்படுமா? தீங்கு நேர்ந்தால் இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு? ஆய்வு முடிந்தபின் பழைய மருந்துகள் நிறுத்தப்படாது என்பதற்கு உறுதி என்ன? முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் அவையில் வைக்கப்படுமா?

மருந்து பலனற்றது என்று தெரியவந்தாலும் அது இழப்பல்ல. தேவையில்லாத ஒரு மாத்திரைக்குச் செலவிடுவதிலிருந்து லட்சக்கணக்கான ஏழைகளைக் காத்ததாகும். பலனுள்ளது என்று தெரிந்தால், சில ரூபாயில் உயிர் காக்கும் வழி பிறக்கும்; ஒட்டன்சத்திரத்து விவசாயியின் விதைக்கும் உள்நாட்டிலேயே மதிப்புக் கூடும். இரண்டில் எதுவாயினும், அந்த விடையைத் தன் மக்களுக்காகத் தேடிக் கண்டறிவது அரசின் வேலை. அவ்வேலையை அரசு தொடங்கியிருக்கிறதா என்று கேட்பது நாடாளுமன்றத்தின் வேலை.